பழைய லீவர் ஆக்ஷன் ரைபிள் சேர்க்கறதும் அதைப் பிள்ளைங்களுக்கு ஒழுங்கா விட்டுட்டுப் போறதும்

அமெரிக்காவுல செட்டிலான நம்மாளுங்கள்ல சில பேருக்கு ரேஞ்சு, மான் வேட்டைன்னு ஆரம்பிச்சு மெதுவா பழைய வின்செஸ்டர், மார்லின் கம்பெனி லீவர் ஆக்ஷன் ரைபிள் மேல, அதாவது ட்ரிகர் பக்கத்துல இருக்கற லீவரை இறக்கி ஏத்தினா அடுத்த தோட்டா ஏறற ரைபிள் மேல ஆசை வந்துடுது, எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. இதுல ரெண்டு வேலை இருக்குங்க. நல்ல ரைபிளா பாத்து வாங்கறது ஒண்ணு, அதோட கதையையும் பேப்பரையும் சேர்த்து அடுத்த தலைமுறை கையில சட்டப்படி கொடுக்கறது இன்னொண்ணு. முதல் வேலைய எல்லாரும் ஆசை ஆசையா செய்வாங்க, ரெண்டாவது மட்டும் தள்ளிக்கிட்டே போகும், அப்புறம் ஒருநாள் அந்த வீட்டம்மா க்ளாசெட்லேர்ந்து ஏழெட்டு துப்பாக்கிய வெளிய எடுத்து வெச்சுக்கிட்டு எது என்ன, யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம நிப்பாங்க. பேப்பர் இல்லாத பழைய ரைபிள் பாதி ரைபிள்தான்னு நான் அடிச்சு சொல்லுவேன். அதனால வாங்கற அன்னிக்கே கொடுக்கறதையும் சேர்த்து யோசிங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி, நீங்க வெச்சுக்கலாமா? சிட்டிசன், கிரீன் கார்டுன்னா ஃபெடரல் சட்டப்படி பொதுவா தடை இல்ல. எச்-1பி, எஃப்-1, எல்-1 மாதிரி விசாவுல இருக்கறவங்க பொதுவா துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சுக்கக் கூடாது, செல்லுபடியாகற ஹண்டிங் லைசன்ஸ் இருந்தா விலக்கு உண்டு. ஸ்டேட் சட்டம் இதுக்கு மேல தனி. "நான் வாங்கறது ஆண்டிக் தானே"ன்னு நெனச்சு உக்காந்துடாதீங்க, ஏன்னா ஆண்டிக் துப்பாக்கிக்கு ஃபெடரல்ல விலக்கு இருந்தாலும் அதுல போடற இன்னிக்குக் கடையில விக்கற தோட்டாவுக்கு அந்த விலக்கு கிடையாது. கிரீன் கார்டு வர்ற வரைக்கும் படிச்சுக்கிட்டு, கன் ஷோவுல பாத்துக்கிட்டு இருக்கறது ரொம்ப நல்லது, கண்ணு பழகறதுக்கு அந்த டைம் தேவைதான்.

இந்த ஃபீல்டுல மனப்பாடமா இருக்க வேண்டிய வருஷம் 1898. அந்த வருஷ முடிவுக்குள்ள செஞ்ச துப்பாக்கி 1968-ல வந்த கன் கன்ட்ரோல் ஆக்ட் படி ஆண்டிக், அதாவது ஃபெடரல் சட்டம் அதை ஃபயர்ஆர்முன்னே எண்ணாது, கடையில வாங்கறப்போ நிரப்பற 4473 ஃபார்மும் கிடையாது, லைசன்ஸ் டீலரும் தேவையில்ல. 1899-ல செஞ்சதுன்னா அது இன்னிக்குக் கடையில வாங்கற துப்பாக்கி மாதிரியேதான், எவ்ளோ பழசா தெரிஞ்சாலும் சரி. நடுவுல க்யூரியோ அண்ட் ரெலிக்னு ஒரு வகை இருக்கு, 50 வருஷம் தாண்டின, ஒரிஜினலா இருக்கற துப்பாக்கிங்க. இதுக்கு ஏடிஎஃப் (துப்பாக்கி சட்டத்தைப் பாக்கற ஃபெடரல் ஏஜென்சி) ஒரு கலெக்டர் லைசன்ஸ் தருது, 3 வருஷத்துக்கு 30 டாலர்தான், அது இருந்தா இந்த வகை துப்பாக்கிய வேற ஸ்டேட்லேர்ந்து கூட நேரா வீட்டுக்கு வரவழைக்கலாம், உங்க ஸ்டேட் சட்டம் குறுக்க நிக்காம இருந்தா. வாங்கினது வித்தது எல்லாத்தையும் ஒரு புக்குல எழுதி வைக்கணும்னு கட்டாயம். சில பேர் இதைத் தொல்லைன்னு சொல்வாங்க, எனக்கு அந்த லைசன்ஸ்லயே பிடிச்ச விஷயம் அந்த புக்குதான், பின்னாடி பிள்ளைங்களுக்கு அதைவிட உதவற காயிதம் வேற இல்ல.

சரி, எதை வாங்கறது. கதை 1860-ல வந்த ஹென்ரி ரைபிள்ல ஆரம்பிக்குது, பெஞ்சமின் டைலர் ஹென்ரி டிசைன் பண்ணது, ஆலிவர் வின்செஸ்டரோட கம்பெனி செஞ்சது, மொத்தமே சுமார் 14,000தான், அதனால சாதாரண ஆளுங்க பட்ஜெட்டுக்கு எட்டாத தூரம். 1866 மாடல் மஞ்சளா மின்னற ரிசீவரோட (நடுவுல இருக்கற உலோக உடம்பு) வந்ததால யெல்லோ பாய்னு பேரு, பக்கத்துல ஒரு சின்ன கதவு வழியா தோட்டா போடற வசதி அதுலதான் வந்துச்சு. 1873 தான் சினிமா பாத்த எல்லாருக்கும் தெரிஞ்சது, 7 லட்சத்துக்கு மேல செஞ்சாங்க, .44-40, .38-40, .32-20 காலிபர்ல (தோட்டா அளவு) கிடைக்கும். அப்புறம் ஜான் மோசஸ் பிரௌனிங் வர்றார், ஆட்டமே மாறிடுது. 1886, 1892, 1894, 1895 நாலும் அவர் டிசைன். 1886-ல பெரிய .45-70 தாங்கற அளவு பலமான லாக், அதையே சின்னதாக்கி 1892, புகையில்லாத வெடிமருந்துக்கு ஏத்த மாதிரி 1894. 1894 மாடல் முதல்ல வந்தப்போ .32-40, .38-55-ன்னு கரி மருந்து காலிபர்லதான் வந்துச்சு, அடுத்த வருஷம் நிக்கல் ஸ்டீல் பேரல் ரெடியானதும் .30-30 வந்துச்சு, அதுக்கப்புறம் நிக்கவே இல்ல, 70 லட்சத்துக்கு மேல போயிருக்கு. மத்ததுல பேரலுக்குக் கீழ ஒரு டியூப்ல தோட்டா வரிசையா இருக்கும், 1895-ல அந்த டியூப் கிடையாது, கீழ பெட்டி மேகசின், தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்கா வேட்டைக்கு .405-ல எடுத்துட்டுப் போனது இதைத்தான், முதல் உலகப் போர்ல ரஷ்யா லட்சக்கணக்குல ஆர்டர் கொடுத்ததும் இதுக்குத்தான்.

வின்செஸ்டர் பேருக்கே பாதி விலைன்னு தோணினா மார்லின் 1893, 1894 பாருங்க, மேல மூடின ரிசீவர், காலி தோட்டா பக்கவாட்டுல வெளிய வரும், வேலைப்பாடு அருமையா இருக்கும். எனக்கு தனிப்பட்ட முறையில ரொம்பப் பிடிச்சது சாவேஜ் 1899. ஜமைக்காவுல பொறந்த ஆர்தர் சாவேஜ் டிசைன், வெளிய ஹாமரே (தோட்டாவைச் சுட வைக்கற சுத்தி) தெரியாது, உள்ள சுத்தற மேகசின், எத்தனை தோட்டா பாக்கி இருக்குன்னு இடது பக்கத்துல ஒரு குட்டி ஓட்டை வழியா நம்பர் காட்டும். டியூப் மேகசின்ல தோட்டாங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணா படுத்திருக்கறதால கூர் முனை குண்டு போட்டா அது முன்னாடி இருக்கற தோட்டாவோட பிரைமர்ல (தட்டினா வெடிக்கற பின்பக்கப் பொட்டு) போய் முட்டிக்கிட்டு இருக்கும், ஆபத்து, அதனாலதான் .30-30 தோட்டாவுக்கு முனை தட்டையா வருது. சாவேஜ்ல அந்தப் பிரச்சனையே இல்ல.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு என் சிபாரிசு 1900-லேர்ந்து 1930-க்குள்ள செஞ்ச வின்செஸ்டர் 1894 கார்பைன் (பேரல் குட்டையா இருக்கற ரைபிள்). நெறைய கிடைக்கும், விலை ஓரளவு நிதானமா இருக்கும், பத்து துப்பாக்கிய பக்கத்து பக்கத்துல வெச்சுப் பாத்து கத்துக்கலாம். 1873-ல கை வைக்கறதுக்கு முன்னாடி இதுல கண்ணைப் பழக்குங்க. ஓக்லஹோமாவுல டல்சா ஊர்ல பெரிய ஆர்ம்ஸ் ஷோ நடக்கும், ஒரு தடவையாவது போயிட்டு வாங்க, ரெண்டு நாள் டேபிள் டேபிளா நடந்தா ஒரு வருஷம் படிச்சதுக்கு சமம்.

கையில எடுத்ததும் முதல் வேலை லீவரைக் கீழ இறக்கி சேம்பர் (தோட்டா உக்கார்ற அறை) காலியா, டியூப்ல ஏதாவது உக்காந்திருக்கான்னு பாக்கறது. டியூப்ல பழைய ஸ்ப்ரிங் சிக்கிக்கிட்டு ஒரு தோட்டா வராம உள்ளயே நிக்கும், ஒரு தடவை லீவர் ஆட்டி ஒண்ணும் வரலன்னா காலின்னு அர்த்தம் இல்ல. அப்புறம் ஸ்க்ரூவைப் பாருங்க. ஒரிஜினல் ஸ்க்ரூல காடி ரொம்ப மெல்லிசா, ஓரம் கூர்மையா இருக்கும், யாராவது வீட்டு ஸ்க்ரூ ட்ரைவர் போட்டுத் திருகியிருந்தா காடி ஓரம் கிழிஞ்சு மேல தூக்கிக்கிட்டு நிக்கும், அப்படி இருந்தா உள்ள வேற என்ன கை வெச்சிருக்காங்கன்னு சந்தேகப்படணும். கட்டையும் உலோகமும் சேர்ற இடத்துல விரலால தடவுங்க. ஃபாக்டரிலேர்ந்து வந்தப்போ கட்டை ஒரு மயிரிழை உலோகத்தைவிட உயரமா இருக்கும், மணல் பேப்பர் போட்டுத் தேச்சிருந்தா கட்டை தாழ்ந்து போய் உலோக ஓரம் விரல்ல தட்டும். புதுசா ப்ளூயிங் (உலோகத்துக்குக் கருநீல நிறம் ஏத்தறது) பண்ணதுல எழுத்தோட ஓரமெல்லாம் மழுங்கி சோப்பு தேஞ்ச மாதிரி இருக்கும், பளபளன்னு இருக்குன்னு ஏமாந்துடாதீங்க. இயற்கையா பழுப்பேறின உலோகம்தான் கலெக்டர் தேடறது.

இன்னொரு குறி. வின்செஸ்டர் 1905-லதான் டபிள்யூ, பி எழுத்து ரெண்டும் ஒரு முட்டை வடிவத்துக்குள்ள இருக்கற ப்ரூஃப் மார்க் (சோதிச்சுப் பாத்ததுக்கான முத்திரை) அடிக்க ஆரம்பிச்சாங்க. சீரியல் நம்பர் 1890-கள்ல செஞ்சதுன்னு சொல்லுது, பேரல் மேல அந்த மார்க் இருக்குன்னா, பேரல் பின்னாடி மாத்தினதோ இல்ல துப்பாக்கி ஃபாக்டரிக்குத் திரும்பிப் போய் வந்ததோ தான். அதுக்காக வேண்டாம்னு விட வேண்டியதில்ல, விலை மட்டும் குறையணும். 1894, 1892-ல சீரியல் நம்பர் ரிசீவரோட அடிப்பக்கம் முன்னாடி இருக்கும், 1873, 1886-ல லீவருக்குப் பின்னாடி டாங்க்ல (ரிசீவர்லேர்ந்து கட்டைப் பக்கம் நீளற பட்டை) இருக்கும். பேரல் நீளத்தையும் அளந்துடுங்க. 1894 ரைபிள்னா வழக்கமா 26 இன்ச், கார்பைன்னா 20. 16 இன்ச்சுக்குக் கம்மின்னா உடனே நிறுத்துங்க. ட்ராப்பர்னு சொல்ற அந்தக் குட்டை கார்பைனுங்க, ரெஜிஸ்டர் பண்ணியே ஆகணும்னு சொல்ற நேஷனல் ஃபயர்ஆர்ம்ஸ் ஆக்டுக்குள்ள வரும், சிலதை ஏடிஎஃப் லிஸ்ட் போட்டு விலக்கியிருக்காங்க. 1898-க்குள்ள செஞ்சதுங்கறதும் இங்க காப்பாத்தாது, அந்தக் காலிபர் தோட்டா இன்னும் கடையில சாதாரணமா கிடைக்குதுன்னா. எழுத்துல ஆதாரம் இல்லாம தொடாதீங்க.

இப்போ பேப்பருக்கு வர்றேன், நான் ரொம்ப முக்கியமா நெனைக்கறது இதுதான். வயோமிங் ஸ்டேட்ல கோடிங்கற ஊர்ல பஃபலோ பில் சென்டர் இருக்கு, அதுக்குள்ள இருக்கற ஃபயர்ஆர்ம்ஸ் மியூசியத்துல வின்செஸ்டர், மார்லின் கம்பெனிகளோட பழைய லெட்ஜருங்க இருக்கு. சீரியல் நம்பர் கொடுத்து ஃபீஸ் கட்டினா, அந்தத் துப்பாக்கி என்ன காலிபர், என்ன பேரல், எப்போ நம்பர் போட்டாங்க, எந்தத் தேதி வேர்ஹவுஸ விட்டுப் போச்சுன்னு லெட்டர் கொடுப்பாங்க. எல்லா நம்பருக்கும் கிடைக்காது, 1894 மாடலுக்கு சுமார் மூணரை லட்சம் வரைக்கும்தான் ரெக்கார்டு இருக்கு, மார்லினுக்கு 1883-லேர்ந்து 1906 வரைக்கும். நெட்ல இருக்கற சீரியல் நம்பர் டேபிளும் இந்த லெட்ஜரும் சில மாடல்ல ஒத்துப்போகாது, 1898 பார்டர்ல இருக்கற துப்பாக்கின்னா லெட்டர் வாங்காம ஆண்டிக்னு முடிவு கட்டாதீங்க.

இந்த லெட்ஜர் எவ்ளோ பெரிய விஷயம்னு புரியணும்னா நெவாடா கதைய கேளுங்க. 2014 நவம்பர்ல கிரேட் பேசின் நேஷனல் பார்க்ல ஆர்க்கியாலஜி ஆளுங்க நடந்து போறப்போ ஒரு ஜூனிபர் மரத்துல சாத்தி வெச்ச ஒரு வின்செஸ்டர் 1873-ஐப் பாத்தாங்க. கட்டை வெடிச்சு, அடி மண்ணுல புதைஞ்சு, மரத்தோட மரமா நரைச்சுப் போய் நின்னுச்சு. சீரியல் நம்பரை வெச்சு கோடில தேடினா 1882-ல செஞ்சு அனுப்பினதுன்னு வந்துச்சு. கட்டைக்குள்ள இருக்கற பொந்துல ஒரு தோட்டாவும் இருந்துச்சு. யாருதுன்னு இன்னிவரைக்கும் தெரியல, லெட்ஜர் தேதி சொல்லும், ஆள் பேரு சொல்றது ரொம்ப அபூர்வம். கோடி மியூசியத்துல அதைப் பாலிஷ் போட்டுப் புதுசாக்கல, மேற்கொண்டு உதிராம இருக்கற அளவுக்கு மட்டும் பாதுகாத்துத் திருப்பிக் கொடுத்தாங்க. உங்க துப்பாக்கிக்கும் அதே மரியாதைய கொடுங்க. ஆள் பேரு மட்டும் உங்க வீட்டுலதான் எழுதி வெச்சாகணும். அதுக்கு என்ன மதிப்புன்னா, 1886 மாடலோட சீரியல் நம்பர் 1, அப்பாச்சி பழங்குடித் தலைவர் ஜெரோனிமோவைத் துரத்தின கேப்டன் ஹென்ரி லாட்டனுக்கு அவர் நண்பர் பரிசா கொடுத்தது, 2016-ல ராக் ஐலண்ட் ஏலத்துல 12 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்குப் போச்சு. யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு தெரிஞ்சதுக்கும் சேர்த்துதான் அந்த விலை.

சுடலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. பழைய துப்பாக்கி தெரிஞ்ச கன்ஸ்மித் ஒருத்தர் ஹெட்ஸ்பேஸ் (தோட்டாவுக்கும் அதைப் பின்னாடி பூட்டற பாகத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளி), பேரல் எல்லாம் செக் பண்ணி சொல்லாம வேண்டாம். 1873-ஓட உள் லாக் 1892 அளவுக்குப் பலம் இல்ல, ரெண்டும் .44-40 தான்னு சொல்லி பவர் ஜாஸ்தி தோட்டா 1873-ல போடக் கூடாது. இதுங்கள்ல பல மாடலுக்கு ஹாமரைப் பாதி இழுத்து நிறுத்தற ஹாஃப் காக்தான் சேஃப்டி, தேஞ்சு போயிருக்கும், அதை நம்பாதீங்க. ரேஞ்சுக்கு அடிக்கடி போகணும்னா உபெர்ட்டி செய்யற புது ரெப்ளிகா ஒண்ணு வாங்கிக்கோங்க, பழசு நிம்மதியா இருக்கட்டும்.

பராமரிப்பு பெருசா ஒண்ணும் இல்ல. துரு, ஈரம், கை வேர்வை மூணும்தான் எதிரி. காட்டன் கிளவுஸ், சேஃப்ல ஈரம் எடுக்கற ராடு, உலோகத்துக்கு ரினைசன்ஸ் வேக்ஸ் மெல்லிசா ஒரு கோட். எண்ணெய் கொஞ்சமா போடுங்க, நிமித்தி வெச்சா அது மெதுவா கீழ இறங்கிக் கட்டைய ஊற வெச்சுடும். ஃபோம் வெச்ச பெட்டிலயோ லெதர் உறையிலயோ மாசக்கணக்கா வைக்காதீங்க, ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். வின்செஸ்டர் ரிசீவர் பின்பக்கம் மூடியிருக்கறதால பேரலை வாய்ப்பக்கத்துலேர்ந்துதான் சுத்தம் பண்ண முடியும், ராடு உரசி பேரல் வாய் தேயாம இருக்க மஸில் கைடு போட்டுக்கோங்க. கழட்டியே ஆகணும்னா ஸ்க்ரூ காடிக்குச் சரியா பொருந்தற, கன்ஸ்மித் யூஸ் பண்ற ஹாலோ கிரவுண்ட் ஸ்க்ரூ ட்ரைவர் பிட்டு, வேற எதுவும் கிட்டயே வரக் கூடாது.

இனி கொடுக்கற விஷயம். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு ரைபிள் லீவர்லயும் ஒரு மணிலா அட்டைய நூல்ல கட்டி வெச்சிருந்தார். மாடல், சீரியல் நம்பர், எங்க யார்கிட்ட எவ்ளோக்கு வாங்கினது, கீழ ஒரு வரி: "கட்டையில வலது பக்க வெட்டு எங்க தாத்தா குதிரையிலேர்ந்து விழுந்தப்போ வந்தது, தேச்சு சரி பண்ணாதே." இவ்ளோதான் வேணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டை, ஒரு ஃபைல், ஃபைல்ல கோடி லெட்டர், ரசீது, நாலு பக்கமும் சீரியல் நம்பரும் தெரியற போட்டோ, முந்தின ஓனர் சொன்னதை அவர் கையெழுத்துலயே வாங்கின ஒரு பேப்பர். முடிஞ்சா நீங்க கையில வெச்சுக்கிட்டு கதை சொல்ற மாதிரி தமிழ்ல ஒரு வீடியோ, பேரப் பிள்ளைங்களுக்கு அது போதும்.

யாருக்குக் கொடுக்கறதுங்கறதுல கூச்சப்படாம பேசுங்க. பெரிய பையனுக்கு ஆசையே இருக்காது, சின்ன பொண்ணு ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட உக்காந்து துடைச்சிருக்கும். ஆசை இருக்கறவங்களுக்குக் கொடுங்க, மத்தவங்களுக்கு வேற ஏதாவது சமமா எழுதி வைங்க. அடுத்து, அவங்க சட்டப்படி வெச்சுக்க முடியுமான்னு பாக்கணும். ஃபெலனி (பெரிய குற்றம்) தண்டனை, குடும்ப வன்முறைக் கேஸ் தண்டனை, கஞ்சா பழக்கம் இதெல்லாம் ஃபெடரல் தடை, ஸ்டேட்ல கஞ்சா லீகலா இருந்தாலும் ஃபெடரல்ல கணக்குல வரும். மாப்பிள்ளை எச்-1பில இருந்தா பொண்ணு பேருல எழுதறது மட்டும் போதாது, அவர் கைக்குச் சாவி போகாம எப்படி வைக்கறதுன்னும் வக்கீல்கிட்ட கேளுங்க.

உயிரோட இருக்கும்போதே கொடுக்கறதும் உயில்ல கொடுக்கறதும் வேற வேற. பொண்ணு வேற ஸ்டேட்ல இருக்கா, துப்பாக்கி 1899-லயோ அதுக்கு அப்புறமோ செஞ்சது, இப்பவே கிஃப்டா கொடுக்கணும்னா லைசன்ஸ் டீலர் வழியாத்தான் போகணும், அப்பா பொண்ணுன்னாலும் விடமாட்டாங்க. உயில் மூலமாவோ வாரிசு முறைப்படியோ போனா ஸ்டேட் தாண்டறதுக்கு ஃபெடரல்ல விலக்கு இருக்கு. ஆண்டிக்னா ஃபெடரல் தடை ரெண்டுலயும் இல்ல. கலிஃபோர்னியாவுல அப்பா பிள்ளை, தாத்தா பேரன்னு நேர் வாரிசுக்குக் கைமாத்த டீலர் வேண்டாம், ஆனா வாங்கறவங்க ஃபயர்ஆர்ம் சேஃப்டி சர்டிஃபிகேட் எடுத்து 30 நாளுக்குள்ள ஸ்டேட்டுக்கு ரிப்போர்ட் அனுப்பணும். மத்த ஸ்டேட்ல வேற வேற மாதிரி, அதனால உயில் எழுதற வக்கீலுக்குத் துப்பாக்கி சட்டம் தெரியுமான்னு முதல்லயே கேட்டுடுங்க.

டாக்ஸ்லயும் வித்தியாசம் உண்டு. 800 டாலருக்கு வாங்கினது இன்னிக்கு 3,000-ன்னு வைங்க, கிஃப்டா கொடுத்தா பையன் விக்கறப்போ அடக்க விலை 800-தான், நீங்க போனதுக்கப்புறம் வாரிசா வந்தா அன்னிய மார்க்கெட் விலை 3,000 அடக்க விலை ஆயிடும். ஆண்டிக் பொருள் லாபத்துக்கு ஃபெடரல் வரி 28 சதவீதம் வரைக்கும் போகலாம். அதுக்காக எல்லாத்தையும் கடைசி வரைக்கும் பிடிச்சு வெச்சுக்கணும்னு நான் சொல்லல, கூட உக்காந்து சொல்லிக் கொடுத்துக் கொடுக்கற சந்தோஷத்துக்கு ரெண்டு மூணு துப்பாக்கிய இப்பவே கொடுத்துடுங்க, விலை ஏறினதை உயில்ல விடுங்க. இன்ஷூரன்ஸையும் பாருங்க, சாதாரண ஹோம் பாலிசி பலதுல துப்பாக்கி திருட்டுக்கு 2,500 டாலர் மாதிரி ஒரு லிமிட் இருக்கும், மேல இருக்கறதுக்குத் தனியா எழுதணும். ஊருக்கே திரும்பிப் போற ஐடியா இருந்தா துப்பாக்கிய கூட எடுத்துட்டுப் போற கணக்குல வைக்காதீங்க, இங்க எக்ஸ்போர்ட் சட்டம், அங்க ஆர்ம்ஸ் ஆக்ட் ரெண்டும் குறுக்க வரும், கிளம்பறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே யாருக்குப் போகணுமோ கொடுத்துடுங்க.

யாருக்குமே வேண்டாம்னா அதையும் எழுதி வைங்க. ராக் ஐலண்ட், மார்ஃபி மாதிரி ஏல கம்பெனில கன்சைன்மெண்ட் போட்டா ஃபைலோட சேர்த்து நல்ல விலை வரும், பான் ஷாப்ல மொத்தமா தூக்கிப் போட்டா வராது. கடைசியா சேஃப் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்க, வீட்டம்மாவுக்குப் புரியற தமிழ்ல: எதையும் துடைக்காதே, யாருக்கும் இப்போ கொடுக்காதே, முதல்ல இந்த டீலரையும் இந்த வக்கீலையும் கூப்பிடு, ஃபைல் இந்த டிராயர்ல இருக்கு, தெரிஞ்ச ஆள் வந்து ஒவ்வொரு லீவரையும் திறந்து சேம்பரும் டியூபும் காலின்னு காட்டற வரைக்கும் ஒண்ணையும் இடம் மாத்தாதே.